பல்லால் இறுக்கிய முடிச்சு

இசோபெ எங்கள் சந்துக்குள் வரும்போது செருப்புச் சத்தத்துக்கு முன்னால் தொண்டைச் சத்தம் வரும். சாக்கடைப் பலகையில் கால் வைப்பதற்குள் மூன்று தடவை காறிவிடுவான். அரசாங்கம் வருகிறது, எல்லோரும் யோக்கியமாகிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் உடனே தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். மரியாதைக்கு இல்லை. கொண்டையை மறைக்க.

சிக்கனச் சட்டம் வந்த இரண்டாவது வருஷம் அது. எடோ நகரத்தில் எதைத் தொட்டாலும் குற்றம். பட்டு குற்றம், வெள்ளிக் கொண்டையூசி குற்றம், நடிகர் படம் குற்றம், பருவத்துக்கு முன்னால் காய்த்த கத்தரிக்காய்கூடக் குற்றம். கூலிக்குக் கொண்டை போட்டுவிடும் பெண்கள் பெருங்குற்றவாளிகள். பெண் என்றால் தன் தலையைத் தானே வாரிக்கொள்ள வேண்டும் என்று கோட்டைக்குள் இருந்த ஆண்கள் தீர்மானம் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன்கூடத் தன் தலையைத் தானே வாரினவன் கிடையாது. தினம் காலையில் ஆள் வந்து எண்ணெய் தடவிக் குடுமி கட்டிவிட்டால்தான் அவர்களுக்கு யோசனையே ஓடும்.

நான் வாடகைப் புத்தகக்காரன். என் உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் கான்டா பேட்டை முழுக்க வீடு வீடாகப் போவேன். பேர் யோகிச்சி. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கின்ஸோ அண்ணன் வீடு. படம் அச்சடிக்கிற கட்டைகளைச் செதுக்குகிறவர். அதிலும் தலை செதுக்குகிறவர். முகமும் முடியும் மட்டும் அவர் கை. உடம்பு, மரம், மலை எல்லாவற்றையும் மற்ற கைகள் பார்த்துக்கொள்ளும். ஒரு அரிசி நீளத்துக்குள் பத்து முடியை நிறுத்துவார், ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அவர் பெண்டாட்டி ஒனாமி அக்கா பெண்களுக்குக் கொண்டை போடுகிறவள். புருஷன் மரத்தில் முடி வைப்பார், பெண்டாட்டி மண்டையில் முடி வைப்பாள். சட்டம் வந்ததிலிருந்து அவள் என் ஒற்றை அறையில் ஒளித்து வைத்துத் தொழில் நடத்தினாள். சீப்பும் எண்ணெயும் என் காதல் கதைக் கட்டுக்குள் இருந்தன.

அந்த மழைக்காலத்தில் இசோபெ ஐந்து நாளைக்கு ஒரு தடவை வந்தது கின்ஸோ அண்ணனின் கையைப் பார்க்க. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பூட்டிய இரும்பு விலங்கு. பூட்டின் மேல் ஒரு முழ நீளக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, அரக்குச் சிவப்பில் முத்திரை குத்தியிருந்தார்கள். ஐம்பது நாள். காகிதம் கிழிந்தாலோ, தொழில் செய்து மாட்டினாலோ தீவாந்தரம். ஜெயிலில் போட்டால் சோறு போட வேண்டும். வீட்டிலேயே பூட்டி வைத்தால் பெண்டாட்டி ஊட்டிவிடுவாள். அவர்கள் உருப்படியாகக் கடைப்பிடித்த சிக்கனம் இது ஒன்றுதான்.

"கையக் காட்டுடா," என்றான் இசோபெ.

அண்ணன் இரண்டு கையையும் பிச்சைப் பாத்திரம் மாதிரி நீட்டினார்.

"காகிதம் கசங்கியிருக்கே?"

"மழக்காலம் எஜமான். நானே கசங்கித்தான் இருக்கேன்."

"வாய் குறையல உனக்கு. அன்னைக்கு அந்தத் தேரையச் செதுக்கும்போது இந்த நெனப்பு இருந்திருக்கணும்."

"இருந்துச்சுங்க. தேரைன்னுதான் நெனச்சுச் செதுக்குனேன்."

இசோபெக்குப் புரியவில்லை. புரியாததெல்லாம் திமிர் என்பது அவர்கள் இலாகாவின் கணக்கு. இன்னொரு தடவை காறிவிட்டுப் போனான்.

அந்தத் தேரை விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் என் மானம்தான் போகும். போகட்டும்.

குழந்தைகளுக்கான படம் அது. வாத்தியார் தேரை தொந்தியைத் தள்ளிக்கொண்டு தூங்குகிறது. தவளைப் பிள்ளைகள் மேசையேறி ஆடுகின்றன. அவ்வளவுதான். ஹமகுரியா படக்கடை முதலாளி கிஹெய் அச்சுப் போட்டார். கட்டையில் தேரையின் தோள் வருகிற இடத்தில் ஒரு கணு இருந்தது. கணுவில் கத்தி நிற்காது. அண்ணன் அதை வட்டமாகக் குடைந்து எடுத்துவிட்டு வேறு செர்ரிக் கட்டையில் ஒரு துண்டு நறுக்கிச் செருகினார். அதன் மேல் சட்டை மடிப்புக்கு இரண்டு கோடு வெட்டினார். எல்லாப் பட்டறையிலும் வாரம் நாலு செருகு நடக்கும். ஆனால் அந்தத் துண்டு சரியாகக் காயாத மரம். அச்சுப் பட்டறையில் ஈரக் காகிதம், தண்ணீர்ச் சாயம், வெளியே விடாத மழை. நூறு படம் அடித்த பிறகு செருகு ஊறி ஒரு மயிரிழை மேலே வந்துவிட்டது. அதன் விளிம்பு வட்டமாக அச்சில் விழுந்தது. வட்டத்துக்குள் இரண்டு கோடு.

வட்டத்துக்குள் இரண்டு கோடு என்பது கோட்டைப் பெரியவரின் குலச் சின்னம். சிக்கனச் சட்டத்தின் தகப்பன் அவர்தான்.

இதை ஊரில் முதலில் பார்த்த புண்ணியவான் யார் என்றால் நான்தான். குளியல் கூடத்தில், இடுப்பில் துண்டோடு, படத்தை விளக்குப் பக்கம் பிடித்துக்கொண்டு, "யோவ், எல்லாரும் வாங்க! இந்தத் தேரை யாரு சட்டையப் போட்டிருக்குன்னு பாருங்க!" என்று கத்தினேன். எனக்குப் படம் என்றால் பைத்தியம். படத்துக்குள் ஒளிந்த படம் என்றால் இரட்டைப் பைத்தியம். மறுநாள் மத்தியானத்துக்குள் கான்டா முழுக்கத் தேரைக்கு அலைந்தது. வேகவைத்த கிழங்கு விற்கிறவன் தெருமுனையில் பாடமே நடத்தினான்.

"அந்த ஒத்தைக் கண்ணுத் தவளை யாரு தெரியுமா? கஜானா அதிகாரி."

"அது ஒத்தைக் கண்ணு இல்லடா. பக்கவாட்டுல நிக்குது."

"பக்கவாட்டுல நிக்குதுன்னா? ஏன் பக்கவாட்டுல நிக்குது? யோசிச்சியா?"

இப்படிப்பட்ட மூளைகள் நாங்கள். அடக்குகிறவன் முட்டாள், அடங்குகிறவன் அவனைவிட முட்டாள்.

காலையில் ஜனம் புகழ்ந்தபோது கிஹெய் ஒரு கண்ணை மூடித் திறந்து, "நான் எதையும் சொல்லலப்பா" என்று நெளிந்தார். சாயங்காலம் அதிகாரிகள் வந்தபோது தரையில் நெற்றி முட்ட, "சாமி, வரைஞ்ச தாள்ல அது இல்லவே இல்லை, செதுக்குனவன் வேலை" என்றார். ஒரு வகையில் அது நிஜம். வரைந்த தாளைக் கட்டை மேல் குப்புற ஒட்டித்தான் செதுக்குவார்கள். செதுக்கி முடித்தால் தாள் சீவலோடு போய்விடும். சாட்சி கிடையாது. ஓவியருக்குத் திடீரென்று இடுப்பு வலி வந்து வெந்நீர் ஊற்றுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது கின்ஸோ அண்ணன்.

விலங்கு மாட்டிய மூன்றாம் நாளிலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. ஒருத்தன் சாக்கே மது ஜாடி வைத்தான். ஒருத்தி புது டோஃபு கொண்டுவந்தாள். மீன்காரன் ஒருத்தன் வாளியை இறக்கிவைத்துவிட்டு அழுதே விட்டான்.

"நீங்கதான்யா ஆம்பள! அவன் மூஞ்சிலயே குத்திட்டீங்க!"

"போய்யா, போய் மீன வித்துப் பொழை," என்று அண்ணன் எரிந்து விழுந்தார். அதையும் அவன் வீரம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஒனாமி அக்கா குளிர்ந்த சோற்றில் சூடாகத் தேநீர் ஊற்றி, முள்ளங்கி ஊறுகாயை நறுக்கி, ஒரு வாய் அவருக்கு, ஒரு வாய் தனக்கு என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் குந்தியிருந்தேன்.

"அண்ணே, தெரியாம வந்ததுதான்னு அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? கின்ஸோ வெச்ச செருகு ஊறிப்போச்சுன்னா? முப்பது வருஷம் தலை செதுக்குனவன் பச்ச மரத்த வெச்சு அடைச்சான்னா?" மென்றுகொண்டே கத்தினார். "அதுக்கு இந்த இரும்பே தேவல."

"கேட்டியா யோகிச்சி," என்றாள் அக்கா. "பூட்டு கைக்கு மட்டும்னு நெனச்சிருந்தேன். மண்டைக்கும் சேத்துப் போட்டிருக்காங்க."

"சிரி. ஊர்ல ஒவ்வொருத்தனும் என் ஓட்டை வேலையச் சுவத்துல ஒட்டிக் கும்பிடறான். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தச் செருகு என்னப் பாத்து இளிக்குது. நான் செஞ்சதுலயே கேவலமான வேலை. அதுக்குத்தான் எனக்குப் பேரு."

குளியல் கூடத்தில் கத்தியது நான்தான் என்று இருவருக்கும் தெரியும். ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் மோசம்.

பதினேழாம் நாள் கிஹெய் வந்தார். குடையை மடக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தார். அக்காவுக்கு ஒரு கும்பிடு, அண்ணனுக்கு இரண்டு.

"கின்ஸோ, உன் நெனப்பாவே இருக்கேன்யா."

"இருக்கும். என் பேரச் சொன்ன வாயாச்சே."

"அத விடு. ஒரு நல்ல சமாச்சாரம். 'சிக்கனப் பெண்மணி'ன்னு ஒரு படம். தணிக்கைக்காரங்களே போடச் சொன்னது. நல்ல குடும்பத்துப் பொண்ணு, சட்டத்துக்கு அடங்கி, தன் தலையத் தானே வாரிக்கிறா. அவ்ளோதான். இத ஒழுங்காப் போட்டுட்டா என் மேல இருக்கற கறை போயிடும்."

"அதுக்கு நான் எதுக்கு? கைய எண்ணிப் பாருங்க. ஒண்ணுதான் இருக்கு."

"வேற ஆள்கிட்ட மாதிரி வாங்கினேன்." கிஹெய் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "இது முடியா? வெளக்குமாறு. ஆனாலும் என்ன பண்றது? உன்னால முடியாதுன்னா இனிமே தலை வேலையெல்லாம் அவனுக்கே போகும். நான் கட்டுப்பட்டவன்."

அண்ணன் அந்தத் தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விலங்கோடு கையைத் தூக்கி, வலது கையை முஷ்டியாக்கி, இடது கையின் நடுவிரலை அதன் கீழே கொண்டுபோய் வைத்தார். எனக்குத் தெரிந்த பிடி. வருஷக்கணக்காகச் சுவர்ப் பொத்தல் வழியே தெரிகிற பிடி.

"வலது கையில கத்தி. இடது விரலு நுனியத் தள்ளணும். ரெண்டு கையும் ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் முடி வெட்ட முடியும். எங்க பொழப்பே இப்படித்தான் முதலாளி. தண்டனைன்னு யோசிச்சவனுக்குத் தொழில் என்னன்னே தெரியல."

"ஐயையோ. மாட்டினா நான் இங்க வரவே இல்ல."

"வந்திருக்கும்போதே நீங்க வந்த மாதிரி இல்லையே," என்றாள் அக்கா.

கிஹெய் போன பிறகு அவள் கேட்டாள், "யோவ், தீவுக்குப் போகணும்னு ஆசையா? இன்னும் முப்பத்திமூணு நாளு. பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

"அந்தச் செருகு என் கடைசி வேலையா இருக்கக் கூடாது," என்றார் அண்ணன்.

மூன்று நாளில் கட்டையும் படமும் வந்து சேர்ந்தன. வெந்நீரில் ஊறிக்கொண்டே ஓவியர் வரைந்து அனுப்பியிருந்தார். ஒரு பெண்ணின் முதுகுப் பக்கம், எதிரே கண்ணாடியில் முகம், கையில் சீப்பு. ஓவியர்கள் முடி வரைய மாட்டார்கள். கொண்டைக்கு விளிம்புக் கோடு, உள்ளே நாலு இழுப்பு. மிச்ச முடியெல்லாம் செதுக்குகிறவன் பாடு.

படத்தைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"இந்தக் கொண்டைய இவ தானே போட்டுக்கிட்டாளாமா? இந்தாளுக்கு வேற கொண்டையே வரையத் தெரியாது போல. டேய் யோகிச்சி, பின்மடிப்பு எவ்ளோ ஒசரம் ஏறியிருக்கு பாரு. இது நிக்கணும்னா இங்க, நடு மண்டைக்குக் கீழ, காகிதக் கயிறு போட்டு இறுக்கணும். எப்படி இறுக்குவோம்? பின்னாடி நின்னு, ஒரு நுனியப் பல்லுல கடிச்சு, இன்னொரு நுனிய ரெண்டு கையால இழுக்கணும். தானே போடணும்னா இவளுக்குப் பிடரியில பல்லு மொளச்சிருக்கணும்!"

கின்ஸோ அண்ணன் சிரித்து நான் பார்த்து இருபது நாள் ஆகியிருந்தது. விலங்கு கலகலக்கச் சிரித்தார். சட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தணிக்கைக்காரன் எவனுக்காவது தெரியுமா இது?"

"அவனுகளுக்குத் தலையே தெரியாது. இதுல கொண்டை எங்க தெரியப்போகுது?"

"பொம்பளைங்களுக்கு?"

"ஏழு வயசுப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப முடிச்சையும் வெக்கிறேன். கயிறு எத்தன சுத்து, எப்படி இறுகும், இழுத்த இழுப்புல முடி எங்கெங்க விறைக்கும், எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நுனிய நான் சாய்வா வெட்டுவேன். எடது பக்கம். கான்டால எவ பாத்தாலும் ஒனாமி கைன்னு சொல்லிடுவா."

"அப்ப நேரா வெட்றேன்."

"சாய்வாவே வெட்டு."

"அடியே, உன்னத் தூக்கிட்டுப் போயிடுவானுக. நூறு நாள் ஜெயிலு."

"நீ தெரியாமச் செஞ்சதுக்கு விலங்கு போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. நான் தெரிஞ்சு செஞ்சதுக்குப் போறேன். அதுல என்ன?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவை நீ வாயத் தெறந்தேன்னு வையி, உன் நாக்கை இந்தக் கயித்தாலயே கட்டித் தொங்க விட்ருவேன்."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோட்டையிலும் இல்லை.

மழை விடாமல் பெய்தது. பாயில் பூஞ்சை பூத்தது. அக்கா முத்திரைக் காகிதத்தின் மேல் எண்ணெய்த் தாளைச் சுற்றி, அதன் மேல் பழைய துணியைக் கட்டிவிட்டாள். விடிந்து வெளிச்சம் ஜன்னல் தாளில் விழுந்ததும் அண்ணன் குனிவார். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு முடி. மூச்சை விட்டு, கட்டையை ஊதி, மறுபடி ஒரு முடி. இரும்பு மணிக்கட்டைத் தின்றது. அக்கா அரிசித் தவிட்டை வறுத்துப் பை கட்டி ஒத்தடம் கொடுத்தாள். மத்தியானம் சுட்ட மத்தி மீன், பார்லி கலந்த சோறு. "சாய்வு பத்தல" என்பாள் அவள், வாயில் முள்ளோடு. "கயித்துப் பக்கத்துல முடி இவ்ளோ தளர்வா இருக்காது. நான் என்ன பொம்மைக்கா கட்டறேன்?" அவர் முனகிக்கொண்டே இன்னும் இறுக்கி வெட்டுவார். எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு தலையைச் செய்தது அதுதான் முதல் தடவை.

முப்பத்திரண்டாம் நாள் இசோபெ வந்தான். முப்பத்தைந்தாம் நாள்தான் வர வேண்டியவன்.

அப்போது அக்கா என் அறையில் இருந்தாள். அவள் எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு, சயோ அம்மாள். இசோபெயின் மனைவிதான். பத்து நாளைக்கு ஒரு தடவை காதல் கதை வாங்குகிற சாக்கில் பின்வழியாக வந்து கொண்டை போட்டுக்கொண்டு போவாள். பின்மடிப்பு ஏறிவிட்டது, கயிற்றின் ஒரு நுனி அக்காவின் பல்லில், மறு நுனி கையில். சந்து முனையில் தொண்டைச் சத்தம் கேட்டது.

சயோ அம்மாளின் பிடரி வெளுத்தது. கயிற்றை விட்டால் அத்தனையும் சரியும். அரைக் கொண்டையோடு ஒரு அதிகாரியின் பெண்டாட்டி எங்கே ஓடுவாள்? அக்கா ஒரு நொடி யோசித்தாள். பல்லில் இருந்த நுனியை எடுத்து என் வாயில் திணித்தாள். மறு நுனியை என் கையில் சுற்றினாள்.

"கடி. விட்டேன்னா கொன்னுடுவேன்."

பின்வாசல் வழியாக அவள் ஓடிவிட்டாள். நான் இசோபெயின் மனைவியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பொத்தல் வழியாக இசோபெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் கட்டையைப் பாய் மேல் போட்டு, அதன் மேல் உட்காரும் மெத்தையை இழுத்துவிட்டிருந்தார். இசோபெ நேரே போய் அந்த மெத்தையின் மேலேயே உட்கார்ந்தான்.

"ஒசரமா இருக்கே, நல்ல மெத்தை. டேய், என்னடா இது? மடி முழுக்க மரச்சீவல்?"

பின்பக்கம் அக்கா நுழைந்தாள், மூச்சு வாங்காமல்.

"கஷாயத்துக்கு எஜமான். செர்ரி மரம், சளிக்கு நல்லது. ராத்திரி பூரா இருமல் இவருக்கு."

அண்ணன் இருமினார். கேவலமான இருமல்.

"விலங்கோட எப்படிச் சீவினான்?"

"பல்லால எஜமான். நாய் எலும்பக் கடிக்கிற மாதிரி. வேற என்ன வேலை இருக்கு இவருக்கு?"

அந்தப் பதில் இசோபெக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தண்டனை வேலை செய்கிறது என்று அவன் முகம் மலர்ந்தது. "எனக்கும் ஒரு கோப்பை குடு. நமக்கும் தொண்டை ஒரு மாதிரியாவே இருக்கு."

அக்கா சீவலை அள்ளிக் கெட்டிலில் போட்டாள். ஒரு பெண்ணின் கொண்டைக்கு நடுவிலிருந்து வெட்டி எடுத்த அத்தனை சீவலும் கொதித்தது. இசோபெ ஊதி ஊதிக் குடித்தான்.

"கசக்குது. அப்ப நல்ல மருந்துதான்." கால் நீட்டிக்கொண்டான். "ஒனாமி, நீ அந்தத் தொழில விட்டுட்டல்ல?"

"சட்டம் வந்த அன்னைக்கே எஜமான்."

"அதான் அழகு. என் வீட்டுக்காரியப் பாரு. விடியுமுன்ன எழுந்து தன் தலையத் தானே வாரிக்கிறா. என்ன நேர்த்தி! ஒரு மயிரு பிசகாது. நல்ல குடும்பத்துல பொறந்தவ வேற எப்படி இருப்பா?"

என் வாயில் இருந்த கயிறு அதிர்ந்தது. சயோ அம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ சிரிக்கவும் வாய் இல்லை. பல்லைத் திறந்தால் ஒரு குடும்பமே குலையும். கண்ணில் தண்ணீர் வழிய நின்றேன்.

அவன் போனதும் அக்கா வந்து கயிற்றை வாங்கி முடிச்சுப் போட்டு, சயோ அம்மாளைப் பின்வழியாக அனுப்பிவிட்டுப் போய் மெத்தையை எடுத்தாள். நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். முடிச்சுக்குக் கீழே, பிடரிப் பக்கம், ஆறு முடி நசுங்கிப்போயிருந்தது.

அண்ணன் அதைத் தடவவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை. "மறுபடியும் செருகா?" என்றார். அந்தக் குரலை நான் விலங்கு மாட்டிய அன்றுகூடக் கேட்கவில்லை. "இதே மழையில? மறுபடியும் ஊறும். கிஹெய் அந்த வெளக்குமாத்துக்காரனையே கூப்பிடட்டும்."

அக்கா எழுந்து விறகுக் குவியலைக் கிளறினாள். அடியில் ஒரு பழைய கட்டை, பத்து வருஷத்துக்கு முந்தியது, தேய்ந்துபோய் அடுப்புக்காகக் கிடந்தது. "இதுல ஒரு துண்டு நறுக்கு. விரல் நுனி அளவு. ஆறு முடிதானே."

அந்தத் துண்டை அவள் துணியில் சுற்றி, வறுத்த தவிட்டுப் பையோடு சேர்த்துத் தன் இடுப்புக் கச்சைக்குள் செருகிக்கொண்டாள். பை ஆறும்போதெல்லாம் மறுபடி வறுத்தாள். நாலு பகல், நாலு இரவு. கிணற்றடிக்குப் போனாலும் அது இடுப்பில், தூங்கினாலும் இடுப்பில். "பிள்ள பெத்திருந்தாக்கூட இவ்ளோ சூடா வெச்சிருக்க மாட்டேன்" என்றாள். ஐந்தாம் நாள் அண்ணன் துண்டைக் காதுப் பக்கம் வைத்து நகத்தால் தட்டிப் பார்த்தார். ஒரு தடவை தலையை ஆட்டினார். குழியில் வைத்துத் தட்டி இறக்கி, சமமாக்கி, அதன் குறுக்கே ஆறு முடியையும் ஓட்டினார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "எது செருகு, சொல்லு" என்றார். கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. ஊரில் எல்லாப் படத்திலும் எதையாவது கண்டுபிடிக்கிற என் கண்ணுக்குத் தெரியவில்லை.

படம் நாற்பத்து மூன்றாம் நாள் வெளியானது. தணிக்கை முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. "பெண்களுக்கு நல்ல பாடம்" என்று அதிகாரிகள் பாராட்டி, ஒவ்வொரு தெருக் காவல் கொட்டகையிலும் ஒன்று ஒட்டச் சொன்னார்கள். கிஹெய் மறுபடி நெளிந்தார், இந்தத் தடவை கோட்டைப் பக்கம் திரும்பி. கட்டை விலங்குக்கு முந்தியே கின்ஸோ செதுக்கியது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

குளியல் கூடத்தில் ஆண்கள் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள்.

"உப்புச் சப்பே இல்ல. கின்ஸோவையும் வெலைக்கு வாங்கிட்டானுக போல."

"இரு, சட்டையில மூணு பூ இருக்கு பாரு," என்றான் கிழங்குக்காரன். "மூணாவது மந்திரி..."

"போடா உன் மந்திரியும் நீயும்."

அந்த நேரம் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் குளிக்கிற இடத்தில், யாரோ ஒருத்தி "பிடரியில பல்லு!" என்று கத்தினாள். அங்கே எழுந்த சிரிப்பில் தடுப்பே ஆடியது. வாளிகள் உருண்டன. ஒரு கிழவிக்குப் புரையேறியது.

"எதுக்குடா சிரிக்கிறாளுக?"

"பொம்பளைங்க எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் கிழங்குக்காரன், பெரிய ஞானி மாதிரி.

எனக்கு உடம்பெல்லாம் நமைத்தது. தெரியும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வெந்நீருக்குள் முங்கி, மூச்சு முட்டுகிறவரை அங்கேயே இருந்தேன்.

படம் இரண்டாயிரம் போனதாகக் கிஹெய் சொன்னார். வாங்கியதில் ஆண்கள் எத்தனை பேர் என்று அவர் யோசிக்கவில்லை. என் அறைக்குப் பின்வழியாக வருகிற பெண்கள் மட்டும் இரட்டிப்பானார்கள். சாய்வான நுனியைப் பார்த்து வந்தவர்கள். ஒருத்தியும் யாரிடமும் சொல்லவில்லை. வாய் என்றால் பெண்களுக்குத்தான் நிற்காது என்று எழுதிய புத்தகங்கள் என் மூட்டையில் பன்னிரண்டு இருந்தன. அன்றோடு அவற்றை வாடகைக்குக் கொடுப்பதை நிறுத்தினேன்.

ஐம்பதாம் நாள் மழை விட்டிருந்தது. இசோபெ சாவியோடு வந்தான். முத்திரைக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒரு கிழிசல் இல்லை. திருப்தியோடு கத்தி முனையால் கீறி, உரித்து, தரையில் எறிந்தான். பூட்டைத் திறந்தான்.

அண்ணனின் கைகள் பிரியவில்லை. இரும்பு போன பிறகும் இரண்டும் ஒட்டியபடியே மடியில் கிடந்தன.

"பாத்தியா? ஐம்பது நாள்ல அடக்கம் வந்துடுச்சு," என்றான் இசோபெ. எழுந்தவன் வாசலில் நின்றான். "ஒண்ணு கேக்கணும். நீ செதுக்குன அந்தச் சிக்கனப் பெண்மணி. எப்பச் செதுக்குன அத?"



"விலங்கு மாட்டுறதுக்கு முன்னாடியே எஜமான்," என்றாள் அக்கா. "முதலாளி இப்பத்தான் அச்சுப் போட்டாரு."

"ம். அத என் வீட்டுக்காரி கண்ணாடி பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கா. தினம் காலையில அதப் பாத்துச் சிரிக்கிறா. விழுந்து விழுந்து சிரிக்கிறா. நானும் எல்லாப் பக்கமும் பாத்துட்டேன். சிரிக்க அதுல என்ன இருக்கு?"

அக்கா மெல்லக் குனிந்தாள். "சட்டத்து மேல அவங்களுக்கு அவ்ளோ சந்தோசம் போல எஜமான்."

இசோபெ யோசித்தான். யோசிப்பது அவன் நெற்றியில் நன்றாகவே தெரிந்தது. "ஆமா," என்றான் கடைசியில். "பக்தி. அவளுக்கு எப்பவுமே உண்டு." காறிக்கொண்டே சந்து முனையைத் தாண்டினான்.

அக்கா தரையில் கிடந்த முத்திரைக் காகிதத்தை எடுத்து மடிப்புப் போகத் தடவினாள். நல்ல கெட்டிக் காகிதம். பாவாடையைத் தொடை வரை ஒதுக்கி, காகிதத்தை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் உருட்ட ஆரம்பித்தாள். உருட்ட உருட்ட அது கயிறாகத் திரண்டது. அண்ணன் தன் ஒட்டிய கைகளால் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சயோ அம்மாள் வந்தாள். பின்மடிப்பு ஏறியது. அக்கா புதுக் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்து இறுக்கி, நாலு சுற்றுச் சுற்றினாள். முடிச்சில் ஓர் ஓரத்தில் முத்திரையின் அரக்குச் சிவப்புத் துளி தெரிந்தது.

"இன்னைக்குக் கயிறு ரொம்பக் கெட்டியா இருக்கே, எங்க வாங்கினது?" என்றாள் சயோ அம்மாள்.

ஒனாமி அக்கா பதில் சொல்லவில்லை. பல்லில் கயிறு இருந்தது.